ஒரு வரப்புக்கு ஒரு கண்ணி: லாக் கேபின் பின்னலில் முதல் துண்டு

பின்னல் கற்றுக்கொள்ள ஆரம்பிப்பவர்களிடம் பெரும்பாலும் ஒரு மஃப்ளரைப் பின்னச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஒரே மாதிரி போய்க்கொண்டிருக்கும் வேலை அது. பாதியிலேயே கை சலித்துவிடும். முடித்தாலும் நம் ஊர் வெயிலில் அதைப் போட்டுக்கொள்ள வாய்ப்பே வராது. அதற்குப் பதிலாக, சூடான பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைக்க ஒரு சின்னச் சதுர விரிப்பு பின்னிப் பாருங்கள். அந்தக் காலத்துப் பிரிமணை செய்த வேலையை இது செய்யும். லாக் கேபின் முறையில் பின்னினால் ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் நிறமோ திசையோ மாறும். இரண்டு மூன்று மாலைகளில் வேலை முடியும், மறுநாளே சமையலறையில் பயன்படும்.

லாக் கேபின் என்றால் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடு. பெயரும் அமைப்பும் அமெரிக்காவின் ஒட்டுத்துணிப் போர்வைகளிலிருந்து, அதாவது க்வில்ட்டிலிருந்து, பின்னலுக்கு வந்தவை. நடுவில் ஒரு சிறு சதுரம், அதைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக நீளத் துணிப் பட்டைகள். 1860களில், அங்கே உள்நாட்டுப் போர் நடந்த காலத்திலும் அதற்குப் பின்னும், இந்த வடிவம் பரவலானது. நடுச் சதுரத்தைச் சிவப்பில் வைப்பது வழக்கம். அது வீட்டின் கணப்பு அடுப்பு என்று சொல்வார்கள்.

இதே குடும்பத்து வடிவம் ஒன்றை அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் ஊரில் ‘ஹவுஸ்டாப்’, அதாவது வீட்டுக் கூரை, என்கிறார்கள். ஆற்றின் வளைவுக்குள் அடங்கிய சிற்றூர் அது. அங்குள்ள கறுப்பினப் பெண்கள் வயலில் உழைத்துத் தேய்ந்த உடுப்புகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றைத் தபால்தலைகளாக வெளியிட்டது. அந்தப் போர்வைகளின் படங்களை ஒருமுறை தேடிப் பாருங்கள். கோடுகள் கொஞ்சம் சாய்ந்திருக்கும், பட்டைகள் ஒரே அகலத்தில் இருக்காது. அதுதான் அவற்றின் அழகு. முதல் துண்டு பின்னப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல தைரியம் வேறு கிடைக்காது.

க்வில்ட்டில் பட்டைகளைத் தைத்து இணைக்க வேண்டும். பின்னலில் தைக்கவே வேண்டாம். ஒரு பட்டை முடிந்ததும் துண்டைத் திருப்பி, அதன் ஓரத்திலிருந்தே அடுத்த பட்டைக்கான கண்ணிகளை, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையங்களை, எடுத்துவிடலாம்.

என்னென்ன வேண்டும்

பருத்தி நூல் மூன்று நிறங்களில். கடையில் கேட்க வேண்டிய பெயர் ‘வொர்ஸ்டட்’, அதாவது நடுத்தரத் தடிமன். பின்னல் ஊசி ஒரு ஜோடி, அளவு 4.5 மில்லிமீட்டர். நூல் எல்லாம் சேர்த்து 50 கிராமுக்குள் அடங்கிவிடும். அக்ரிலிக் நூல் மலிவு, நிறங்களும் அதிகம். ஆனால் கொதிக்கும் பாத்திரத்தை அதன்மேல் வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். ஆகவே சமையலறைக்குப் பருத்திதான், இதில் சமரசம் வேண்டாம்.

ஊசி மூங்கிலாக இருந்தால் நல்லது. உலோக ஊசியில் கண்ணிகள் நழுவி விழும், புதிய கைக்கு அது தொல்லை. இவற்றோடு நூல் கோர்க்கப் பெரிய காதும் மழுங்கிய முனையும் உள்ள ஓர் ஊசி, கத்தரிக்கோல், ஒரு ஊக்கு. குரோஷா ஊசி வீட்டில் இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

நிறத்துக்கு என் யோசனை: நடுவில் சிவப்பு, அதைச் சுற்றி ஒரு பாதி வெளிச்சப் பக்கம், அதற்கு மாம்பழ மஞ்சள், மறுபாதி இருட்டுப் பக்கம், அதற்குக் கருநீலம். வெள்ளையைவிட மஞ்சளைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாம்பார் சட்டியின் அடியில் வைக்கும் துணியில் மஞ்சள் கறை படாமல் இருக்காது.

கைக்கு வேண்டிய மூன்று அசைவுகள்

இந்தத் துண்டு முழுவதும் கார்ட்டர் ஸ்டிச். அதாவது எல்லா வரிசையிலும் ‘நிட்’ மட்டும்தான், ‘பர்ல்’ தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நிட் செய்வது இப்படி. கண்ணிகள் உள்ள ஊசி இடக்கையில், காலி ஊசி வலக்கையில், நூல் பின்பக்கம். வலது ஊசியின் நுனியை முதல் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னால் செலுத்துங்கள். அந்த நுனியைச் சுற்றி நூலை ஒரு சுற்று, கடிகார முள் ஓடுவதற்கு எதிர்த் திசையில். சுற்றிய நூலைக் கண்ணி வழியாக முன்னால் இழுங்கள். இப்போது வலது ஊசியில் புதுக் கண்ணி இருக்கிறது, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றிக்கொள்ளுங்கள்.

கண்ணி போடுவதற்கும், அதாவது காஸ்ட் ஆன் செய்வதற்கும், இதே அசைவு போதும். ஒரு சுருக்கு முடிச்சை இடது ஊசியில் மாட்டுங்கள். அதற்குள் நிட் செய்வது போலச் செய்து, பழையதை நழுவ விடாமல், புதுக் கண்ணியையும் இடது ஊசியிலேயே ஏற்றுங்கள். வேண்டிய எண்ணிக்கை வரும்வரை இதையே செய்யுங்கள்.

கண்ணி மூடுவது, அதாவது பைண்ட் ஆஃப்: இரண்டு கண்ணிகளை நிட் செய்து, முதலாவதைத் தூக்கி இரண்டாவதன் மேலாகத் தாண்டவிட்டு ஊசியிலிருந்து விடுவியுங்கள். ஊசியில் ஒன்று மிச்சம் இருக்கும். இன்னொன்று நிட் செய்து மறுபடி தாண்டவிடுங்கள். இதை தளர்வாக செய்ய வேண்டும். லாக் கேபினில் கெட்டுப்போகும் துண்டுகளில் பெரும்பாலானவை இறுக்கமாக மூடியதால்தான் கெடுகின்றன. உங்கள் கை இறுக்கமான கை என்றால், மூடும்போது மட்டும் வலக்கைக்கு 5 மில்லிமீட்டர் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் ஏன் சதுரமாக வருகிறது

கார்ட்டர் ஸ்டிச் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வயலின் வரப்புகள் போல வரிவரியாக மேடு தெரியும். இரண்டு வரிசை பின்னினால் ஒரு வரப்பு. நான் பின்னும்போது வரிசையை எண்ணுவதே இல்லை, வரப்பைத்தான் எண்ணுவேன். கண்ணால் பார்த்தே எண்ணிவிடலாம், நடுவில் யாராவது கூப்பிட்டாலும் கணக்கு தொலையாது.

இப்போது முக்கியமான விஷயம். கார்ட்டர் ஸ்டிச்சில் ஒரு கண்ணியின் அகலமும் ஒரு வரப்பின் உயரமும் ஏறக்குறைய சமம். ஆகவே 10 கண்ணி அகலம், 10 வரப்பு உயரம் என்றால் அது சதுரம். பக்கவாட்டு ஓரத்திலிருந்து கண்ணி எடுக்கும்போதும் கணக்குப் போட வேண்டியதில்லை: ஒரு வரப்புக்கு ஒரு கண்ணி. சாதாரண ஸ்வெட்டர் துணியில், அதாவது ஸ்டாக்கிங் ஸ்டிச்சில், இந்தச் சமம் கிடையாது. அங்கே நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி என்று விட்டுவிட்டு எடுக்க வேண்டும். லாக் கேபின் பெரும்பாலும் கார்ட்டரில் பின்னப்படுவதற்குக் காரணம் இதுதான். இது ஒன்று மனதில் பதிந்துவிட்டால் உங்களுக்கு வேறு பேட்டர்னே தேவைப்படாது. கீழே நான் தரும் எண்களைக்கூட நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

நடுக்கட்டம்

சிவப்பு நூலில் 10 கண்ணிகள் போடுங்கள். 20 வரிசை நிட். முதல் வரிசையைப் பின்னும்போது உங்களைப் பார்த்திருக்கும் பக்கமே நல்ல பக்கம். அதில் ஊக்கைக் குத்தி வைத்துவிடுங்கள். கார்ட்டரில் இரண்டு பக்கமும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஊக்கு இல்லாவிட்டால் நிச்சயம் குழம்பும்.

ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியையும் பின்னாமல் நழுவ விடச் சொல்வார்கள் சிலர். இங்கே அது வேண்டாம், எல்லாக் கண்ணிகளையும் பின்னுங்கள். அப்போதுதான் ஓரத்தில் வரப்புகளின் முனைகள் முடிச்சு முடிச்சாகத் தெளிவாகத் தெரியும்.

நல்ல பக்கத்தில் 10 வரப்பு வந்ததும் மூலையோடு மூலை சேர்த்துக் குறுக்காக மடியுங்கள். முக்கோணம் சரியாக அமைந்தால் சதுரம் சரி. கொஞ்சம் குட்டையாகவோ நெட்டையாகவோ இருந்தால் கவலைப்பட வேண்டாம், துவைத்துக் காயவைக்கும்போது இழுத்துச் சரிசெய்துவிடலாம். 

நல்ல பக்கம் உங்களைப் பார்த்தபடி கண்ணிகளை மூடுங்கள். கடைசிக் கண்ணி வந்ததும் நூலை 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, அந்தக் கண்ணிக்குள் இழுத்து முடிச்சாக்குங்கள்.

முதல் பட்டை: இங்கேதான் நிதானம் வேண்டும்

நல்ல பக்கம் மேலே இருக்கட்டும். துண்டைக் கடிகார முள் திசையில் கால் சுற்று திருப்புங்கள். இதுவரை இடப்பக்கமாக இருந்த ஓரம் இப்போது மேலே வந்திருக்கும். அதில் 10 வரப்புகளின் முனைகள் தெரியும்.

மஞ்சள் நூலை எடுங்கள். காலி ஊசியை வலக்கையில் பிடித்து, மேல் ஓரத்தின் வலது மூலையில் ஆரம்பியுங்கள். நூல் துண்டின் பின்பக்கம் இருக்கட்டும். முதல் வரப்பின் முனையில் ஊசியை முன்னாலிருந்து பின்னால் செலுத்தி, நூலைச் சுற்றி, முன்னால் இழுங்கள். ஒரு கண்ணி வந்துவிட்டது. அடுத்த வரப்புக்கு நகருங்கள். முனையில் ஒரே ஓர் இழையை மட்டும் பிடித்தால் பிறகு ஓட்டை விழும், இரண்டு இழைகளைச் சேர்த்துப் பிடியுங்கள். ஊசியால் நூலை இழுக்க வரவில்லையா, குரோஷா ஊசியால் இழுத்து ஊசியில் மாட்டுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை, நான் இன்றும் மூலைகளில் அப்படித்தான் செய்கிறேன்.

இடது மூலைக்கு வந்ததும் எண்ணுங்கள். 10 இருக்க வேண்டும். 9 இருந்தால் எங்கோ ஒரு வரப்பைத் தாண்டிவிட்டீர்கள். 11 இருந்தால் இரண்டு வரப்புகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்திலும் ஒன்றை எடுத்திருப்பீர்கள். பிரித்துவிட்டு மறுபடி எடுங்கள், இரண்டு நிமிட வேலைதான்.

இப்படி எடுத்ததே முதல் வரிசை. துண்டைத் திருப்பி, இன்னும் 9 வரிசை நிட் செய்யுங்கள். நல்ல பக்கத்தில் 5 மஞ்சள் வரப்புகள் இருக்கும். நல்ல பக்கம் பார்த்தபடி மூடுங்கள். ஆனால் இந்த முறை கடைசிக் கண்ணியை மூடாமல் ஊசியிலேயே விடுங்கள், நூலையும் வெட்டாதீர்கள். அடுத்த பட்டையும் மஞ்சள்தான்.

இரண்டாம் பட்டையிலிருந்து

மறுபடி கடிகார முள் திசையில் கால் சுற்று. இப்போது மேல் ஓரத்தில் வலப்பக்கம் மஞ்சள் பட்டையின் 5 வரப்புகள், அதை அடுத்து சிவப்புச் சதுரத்தின் கண்ணி போட்ட ஓரம், அதில் 10 கண்ணிகள். ஆக மொத்தம் 15. ஊசியில் ஏற்கெனவே ஒன்று இருப்பதால் முதல் வரப்பை அதன் கணக்கில் விட்டுவிட்டு, மீதி 14 எடுங்கள். கண்ணி போட்ட ஓரத்திலும் மூடிய ஓரத்திலும் கணக்கு ஒரு கண்ணிக்கு ஒரு கண்ணி. மூடிய ஓரத்தில் சங்கிலி போல ஒரு வரி ஓடும், அதன் இரண்டு இழைகளுக்கும் அடியில் ஊசியைச் செலுத்துங்கள்.

மஞ்சளும் சிவப்பும் சந்திக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் ஓட்டை விழும். அந்த இடத்துக் கண்ணியை ஓர் இழை உள்ளே தள்ளி எடுத்து, நூலைச் சற்று இறுக்கிக்கொள்ளுங்கள்.

முன்போலவே 9 வரிசை, 5 வரப்பு, மூடல். இப்போது நூலை வெட்டி முடித்து, கருநீலத்துக்கு மாறுங்கள். மூன்றாம் பட்டைக்கு 15 கண்ணி: இரண்டாம் பட்டையின் பக்கவாட்டில் 5, சிவப்பின் பக்கவாட்டில் 10. நான்காம் பட்டைக்கு 20: மூன்றாம் பட்டையின் 5, சிவப்பில் மூடிய ஓரத்தின் 10, முதல் பட்டையின் மறுமுனையில் 5.

இதோடு ஒரு சுற்று முடிந்தது. துண்டு இப்போது 11 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். தண்ணீர் டம்ளர் வைக்கப் போதும். இங்கேயே நிறுத்தினாலும் அது முழுமையான ஒரு பொருள்தான். ஆனால் இந்த இடத்துக்கு வந்தவர்கள் யாரும் நிறுத்தி நான் பார்த்ததில்லை, அடுத்த நிறம் எப்படி அமையும் என்று பார்க்கக் கை துடிக்கும்.

இரண்டாம் சுற்று: ஐந்தாம் பட்டை மஞ்சளில் 20 கண்ணி, ஆறாவது மஞ்சளில் 25, ஏழாவது கருநீலத்தில் 25, எட்டாவது கருநீலத்தில் 30. எல்லாமே 5 வரப்பு உயரம். எட்டாவது முடிந்ததும் துண்டு 30 கண்ணி அகலம், 30 வரப்பு உயரம், சுமார் 17 சென்டிமீட்டர் சதுரம்.

கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். ஒரு மூலைவிட்டத்துக்கு இந்தப் பக்கம் முழுவதும் மஞ்சள், அந்தப் பக்கம் முழுவதும் நீலம். பாதி வெயில், பாதி நிழல். க்வில்ட் தைப்பவர்கள் இப்படிப் பாதி பாதியாகப் பிரிந்த சதுரங்களை அடுக்கித்தான் பெரிய கோலங்களை உண்டாக்குகிறார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் ‘ஸ்ட்ரெயிட் ஃபர்ரோ’, நேர் உழவுச்சால். வரப்பை எண்ணிப் பின்னிய துண்டுகள் சாலாக அமைவதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

மிச்ச நூலில் பின்னுபவர்களுக்கு

நூல் எவ்வளவு போகும் என்பதையும் வரப்புக் கணக்கிலேயே சொல்லிவிடலாம். கண்ணியையும் வரப்பையும் பெருக்கினால் போதும். நடுக்கட்டம் 10 பெருக்கல் 10, அதாவது 100. எட்டாம் பட்டை 30 பெருக்கல் 5, அதாவது 150. மொத்தம் 900. சிறியதாகத் தெரியும் நடுக்கட்டத்தைவிடக் கடைசிப் பட்டை ஒன்றரை மடங்கு நூலைக் கேட்கும். மஞ்சள் 350, நீலம் 450. துண்டு முழுவதும் 36 கிராம் பிடிக்கிறது என்றால் சிவப்பு 4 கிராம், மஞ்சள் 14, நீலம் 18. உருண்டைகளைத் தராசில் வைத்துப் பார்த்து, இருப்பதிலேயே குறைவானதை நடுவுக்கும் அதிகமானதை வெளிப்பட்டைக்கும் ஒதுக்குங்கள். கடைசிப் பட்டையின் பாதியில் நூல் தீர்ந்தால் அந்த ஏமாற்றம் ஆறாது.

எங்கே தவறும்

துண்டு தட்டையாக இல்லாமல் கிண்ணம் போலக் குவிந்தால், கண்ணிகளை இறுக்கமாக மூடியிருக்கிறீர்கள். அந்தப் பட்டையின் மூடலை மட்டும் பிரித்துத் தளர்வாக மூடுங்கள். ஓரம் பாவாடைக் கொசுவம் போல நெளிந்தால் கண்ணிகளை அதிகமாக எடுத்துவிட்டீர்கள்.

இரண்டு நிறங்கள் சேரும் இடத்தில் நேர்கோடு இல்லாமல் நிறங்கள் கலந்து கோடு கோடாகத் தெரிந்தால், கண்ணிகளைப் பின்பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள். நான் முதன்முதலில் பின்னிய துண்டில் மூன்றாம் பட்டை அப்படித்தான் ஆனது. ஊக்கு குத்தும் பழக்கம் எனக்கு அதற்குப் பிறகு வந்தது. கண்ணி எடுக்க ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு முறையும் ஊக்கு உங்களைப் பார்க்கிறதா என்று பாருங்கள்.

பட்டைகள் ஒரே திசையில் சுற்றிப் போகாமல் திடீரென்று எதிர்த் திசைக்குப் போனால் துண்டைத் திருப்பியது தவறு. எப்போதும் கடிகார முள் திசை, எப்போதும் கால் சுற்று.

முடிக்கும் வேலை

இந்த நிற வரிசையில் பத்து நூல் வால்கள் தொங்கும். வால்களைக் கடைசிக்கு என்று சேர்த்து வைக்காமல், ஒவ்வொரு பட்டை முடிந்ததும் உள்ளே செருகிவிடுங்கள். மழுங்கல் ஊசியில் கோர்த்து, பின்பக்கம், அதே நிறத்து வரப்புகளுக்குள் 4 சென்டிமீட்டர் ஒரு திசையிலும், திரும்பி 2 சென்டிமீட்டர் எதிர்த் திசையிலும் ஓட்டுங்கள். பருத்தி நூல் வழுக்கும், ஒரே திசையில் ஓட்டினால் துவைக்கும்போது வெளியே வந்துவிடும்.

சிவப்பு, நீலம் சாயம் போகுமா என்று முதலில் சோதியுங்கள்: ஈர வெள்ளைத் துணியால் நூலை அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். போகாது என்றால் துண்டைத் தண்ணீரில் நனைத்து, துவாலையில் சுருட்டி அழுத்துங்கள், முறுக்கிப் பிழிய வேண்டாம். ஒரு பழைய துணிமேல் விரித்து நான்கு மூலைகளையும் சதுரமாக இழுத்துக் குண்டூசி குத்தி, நிழலில் காயவிடுங்கள். கோணல்மாணலாக இருந்த துண்டுகூட இந்த ஒரு நனைப்பில் அடங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. இது பாத்திரத்தை இறக்கி வைப்பதற்கு. பாத்திரத்தைப் பிடித்துத் தூக்கும் பிடிதுணியாக வேண்டுமானால் இதே போல இரண்டு துண்டுகள் பின்னி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரத்தைத் தைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை மடிப்பில் சூடு கைக்கு வரும். ஈரமாக இருந்தால் எத்தனை மடிப்பானாலும் பிடிக்காதீர்கள், ஈரத் துணி சூட்டை உடனே கடத்திவிடும்.

இன்னும் பின்ன ஆசை இருந்தால் துண்டு அதே இடத்திலிருந்து வளரும். மூன்றாம் சுற்று 30, 35, 35, 40. நான்காவது 40, 45, 45, 50. கண்ணிகள் நேர் ஊசியில் கொள்ளாத அளவுக்குப் பெருகினால் வட்ட ஊசிக்கு மாறிக்கொள்ளலாம், பின்னும் விதம் மாறாது. சுற்றிச் சுற்றிப் போகாமல் எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறிப் பட்டை போட்டால் அதற்கு ‘கோர்ட்ஹவுஸ் ஸ்டெப்ஸ்’ என்று பெயர், நீதிமன்றப் படிக்கட்டு. அடுத்த துண்டுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் துண்டை மாட்டி வைக்க வேண்டுமானால், எட்டாம் பட்டையை மூடும்போது கடைசிக் கண்ணியை முடிச்சாக்காமல் வைத்திருங்கள். அதற்குள் விரலால் நூலை இழுத்து ஒரு கண்ணி, அதற்குள் இன்னொன்று என்று பூச்சரம் போலப் பன்னிரண்டு கண்ணிகளுக்குச் சங்கிலி விடுங்கள். நூலை வெட்டி, சங்கிலியின் நுனியை அதே மூலையில் வைத்துத் தையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டிவிடலாம்.